நான் மூடிய கிணறும் திரேசம்மாவின் புளிமுட்டியும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அதை நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டு அறிவதைவிட என் வாயால் வருவது நல்லது. ஒரு வீட்டில் எல்லோருக்கும் வயிற்று நோ என்று விசாரிக்கப் போன பொதுச் சுகாதாரப் பரிசோதகன் நான். போன இடத்தில் அந்த வீட்டு ஒடியல் கூழைப் பனையோலைப் பிளாவில் மூன்று தரம் வாங்கிக் குடித்தேன். நாலாவதற்கு வெட்கப்பட்டு, "இந்தப் புளி நல்ல ருசியாய்க் கிடக்கு" என்று சொல்லி, அதில் ஒரு உருண்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நோய்க்குக் காரணம் அந்தப் புளிதான். ஏழு கிழமை அது என் குசினி அலுமாரியில் பத்திரமாக இருந்தது. அந்த ஏழு கிழமையும் நான் பிழையை வேறொன்றின் தலையில் கட்டிவிட்டுத் தீவெல்லாம் சைக்கிள் ஓடினேன். கள்ளனைக் கரியரில் ஏற்றிவந்து வீட்டில் இருத்திவிட்டு வேறொருவனைப் பிடித்து அடைத்த பொலிஸ்காரன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

புதிதாக நியமனம் பெற்ற தம்பிமாரே, தங்கைமாரே, இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். நானும் பல வருடம் இந்த இடம் வரை சொல்லிச் சிரித்திருக்கிறேன். இதற்கு மேலே போனதில்லை. இன்றைக்குப் போகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் தீவில் மண்கும்பானைத் தாண்டிக் கரையோரமாகப் போனால் ஒரு மீன்பிடிக் குடியிருப்பு இருந்தது. பதினாலு வீடு, ஒரு சின்னத் தேவாலயம், ஒரேயொரு நல்ல தண்ணீர்க் கிணறு. மற்றக் கிணறுகள் எல்லாம் உவர். சண்டையால் இடம்பெயர்ந்து அலைந்து, திரும்பிவந்து இரண்டு மூன்று வருடமான சனம். கடலுக்குப் போக ஒரு அனுமதி, திரும்பிவர ஒரு நேரம், நினைத்த நேரத்தில் படையினர் வந்து வீடுவீடாகத் தேடுதல் என்று சீவியம் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பதினாலில் ஒன்று அலோசியஸின் வீடு. அவன் தாய் திரேசம்மா, மனைவி ஜெசிந்தா, அவன் என்று மூன்று பேர். மூன்று பேருக்கும் மாதக்கணக்காக வயிற்று நோ என்று யாரோ எங்கள் சுகாதாரக் கந்தோருக்கு வந்து சொன்னதால் நான் போனேன்.

என்னிடம் ஒரு படிவம் இருந்தது. அதில் முதற்கேள்வியை அதிகாரத்தோடு கேட்டேன்.

"வயித்தாலை போகுதோ?"

"அது போனாத்தானே தம்பி!" என்றார் திரேசம்மா. "இண்டைக்கு அஞ்சு நாள், ஒரு சொட்டும் இல்லை. உள்ளுக்கை கயிறு முறுக்கிற மாதிரிக் கிடக்கு."

எங்கள் தீவுகளில் வயிற்று நோ என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் வயிற்றோட்டம். படிவம் அப்படித்தான் அச்சடிக்கப்பட்டிருந்தது. என் மூளையும் அதே அச்சகத்தில் அடித்ததுதான். 'வயிற்றுக் கோளாறு, நீரினால்' என்று எழுதினேன். அஞ்சு நாள் போகாததை எழுத அதில் இடமிருக்கவில்லை.

அலோசியஸ் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினான். மணிக்கட்டு சோர்ந்து தொங்கியது. "வலை இழுக்கேக்கை பிடி நழுவுது ஐயா. பெலனே இல்லை."

"நல்லெண்ணெய் பூசித் தேயும்," என்றேன். அதற்கும் படிவத்தில் இடமில்லை.

ஜெசிந்தாவுக்கு அப்போது அஞ்சு மாதம். சுவரோடு நின்றால் சுவர் எது ஆள் எது என்று தெரியாத அளவுக்கு வெளிறியிருந்தாள். திரேசம்மா கூழை வார்த்தபடியே, அவளுக்குக் கேட்கத்தான், சொன்னார்: "இது மூண்டாவது தம்பி. இஞ்சை திரும்பிவந்த பிறகு ரெண்டு உண்டாகி ரெண்டும் தங்கேல்லை. வந்தவளின்ரை ராசி."

ஜெசிந்தா கை கழுவத் தண்ணீர்ச் செம்பை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

கூழைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். காய்ந்த பனங்கிழங்கு மாவில் நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் கிடந்து கொதித்த கூழ். புளிப்புக்குப் பின்னால் ஒரு மெல்லிய இனிப்பு. அதைத்தான் நான் ருசி என்று நினைத்தேன்.

"என்ன புளியம்மா இது?"

"என்ரை முட்டிப் புளி. உப்புப் போட்டு அமத்தி வைச்சது. கிடக்கக் கிடக்கத்தான் ருசி."

அடியில் கிடப்பதுதான் பழையது என்று மண்முட்டிக்குள் கையை முழங்கை வரை விட்டு, கையில் நிறைந்த ஒரு உருண்டையை எடுத்துப் பழைய பேப்பரில் சுற்றித் தந்தார். நானும் மனிசிக்கு ஒரு பரிசு கிடைத்த சந்தோசப் புளுகத்தோடு சைக்கிளை மிதித்தேன்.

என் மனைவி அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பரிசோதிக்கப் போன வீட்டிலை கேட்டு வாங்கின சாமான் என்ரை சட்டிக்குள்ளை போகாது," என்று அலுமாரியின் மூலையில் வைத்துவிட்டாள். என் உத்தியோகத்தின் ஒழுக்கம் முழுவதும் என் மனைவியிடம்தான் இருந்தது. இன்று நானும் என் பிள்ளைகளும் சுகமாக இருப்பது அந்த ஒழுக்கத்தால்தான்.

மறுநாள் கிணற்றைப் பார்த்தேன். கட்டு வெடித்திருந்தது. கொஞ்சத் தூரத்தில் ஒரு மலசலகூடக் குழி. தண்ணீரில் ஒரு காகச் செட்டை மிதந்தது. எனக்கு வேறென்ன வேண்டும்? ஒரு போத்தல் தண்ணீரை ஆய்வுக்கு அனுப்பினேன். கிணற்றுக்கு மூடி போட்டு, அதன் கட்டில் சிவப்புப் பெயின்றால் 'குடிக்கக் கூடாது' என்று எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

பெண்கள் கூடிவிட்டார்கள். "ஐயா, பதினாலு வீட்டுக்கும் இது ஒண்டுதானே. எங்களுக்கு ஒரு நோவும் இல்லையே!"

"வந்த பிறகு அழுது பிரயோசனமில்லை," என்று ஒரு சின்னப் பிரசங்கம் வைத்தேன்.

அடுத்த நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றரை மைல். இடையில் படையினரின் ஒரு சென்றி. அதில் குடத்தை இறக்கி வைத்து, அடையாள அட்டையைக் காட்டி, திரும்பத் தூக்க வேண்டும். ஒருநாள் அந்த வழியால் சைக்கிளில் போனபோது முன்னால் ஜெசிந்தா போய்க்கொண்டிருந்தாள். இடுப்பில் குடம், வயிற்றில் பிள்ளை. நான் மணி அடித்தேன். அவள் ஒதுங்கி வழி விட்டாள்.

மூன்றாம் கிழமை, எங்கள் பகுதி ஆஸ்பத்திரி வைத்தியரைக் கண்டு பெருமையோடு விபரம் சொன்னேன். ஓய்வுக்கு அண்மித்த மனிதர். ஆளின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மேலேயிருந்தும் ஏசுவார். எனக்கு இந்தத் தொழிலில் கொஞ்சமாவது தெரியுமென்றால் அது அவர் ஏசி ஏசி ஏற்றியது. முழுவதையும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அது கெட்ட சகுனம்.

"அந்தக் கிணத்துத் தண்ணி எத்தனை வீடு குடிச்சது?"

"பதினாலு, சேர்."

"நோ எத்தனை வீட்டிலை?"

"ஒண்டிலை, சேர்."

"அப்ப கிணறு ஆள் பாத்தோ கடிக்குது?"

"மற்ற வீட்டுக்காரருக்கு இனித்தான் வரும், சேர்," என்றேன். இதைச் சொன்ன வாயை நான் இன்றைக்கும் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன்.

அவர் கழற்றிய கண்ணாடியைத் துடைத்தார். "நீர் அந்தக் குசினிக்குள்ளை போனனீரோ?"

"போனனான், சேர்."

"என்ன பாத்தனீர்?"

மூன்று பிளா கூழ் என்று எப்படிச் சொல்வது? "எல்லாம் துப்பரவு, சேர்," என்றேன்.

"துப்பரவைக் கேக்கேல்லை. அந்த வீட்டுக்காரர் மட்டும் தின்னுறது என்னெண்டு போய்ப் பாரும். அந்தப் பிள்ளைத்தாச்சிப் பெட்டையைக் கூட்டிவந்து எனக்குக் காட்டும். இந்தக் கிழமையே."

நான் போகவில்லை. தம்பிமாரே, இந்த இடத்தில்தான் நீங்கள் சிரிப்பதை நிறுத்த வேண்டும். எனக்கு வேலை இருந்தது என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. போனால் பெண்கள் கிணற்றைப் பற்றிக் கேட்பார்கள். தண்ணீர் அறிக்கை வரட்டும், அது என் பக்கம் பேசும், அந்தக் கடதாசியைப் பிடித்துக்கொண்டு தலை நிமிர்ந்து போவோம் என்று காத்திருந்தேன். கொழும்புக்குப் போன போத்தல் எந்தக் கப்பலில் எங்கே உருண்டுகொண்டிருந்ததோ தெரியாது. ஒரு முடிவை எழுதிப் பெயின்றும் அடித்துவிட்டால் அதற்குப் பிறகு நோயாளியை விடப் பெயின்றைத்தான் நாங்கள் காப்பாற்றுகிறோம். நான் காப்பாற்றினேன்.

ஆறாம் கிழமை ஜெசிந்தாவுக்குப் பிள்ளைப்பேற்று நோக் கண்டது. மாதம் ஆகவில்லை. ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது.

அவள் வீட்டுக்கு வந்தபிறகு நான் போனேன். முற்றத்தில் அலோசியஸ் கையை மடியில் போட்டபடி இருந்தான். திரேசம்மா என்னைக் கண்டதும் எழும்பிவந்தார். அழுது வீங்கிய முகம். என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

"நீங்கள் சொன்னபடி தண்ணியையும் மாத்திப் பாத்தம் தம்பி," என்றார். "ஒண்டரை மைல் போய் அள்ளிக் குடிச்சம். அப்பவும் தங்கேல்லை. அப்ப தண்ணியிலை பிழையில்லை. இவளிலைதான் பிழை. மூண்டையும் விழுங்கிப்போட்டாள்."

உள்ளே ஜெசிந்தா படுத்திருந்தாள். அந்த வீட்டில் சுவர் கூரைவரை இல்லை. அவளுக்குக் கேட்காத சொல் ஒன்றுமில்லை.

பாருங்கள், நான் கிணற்றை மட்டும் மூடவில்லை. கிணற்றை மூடியதால் அவள் குற்றவாளி என்பதற்கு அரசாங்கச் சாட்சியும் நானே ஆகிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் புளி முடிந்துபோயிற்று. கடையிலும் இல்லை. இரசம் வைக்க வேறு வழியில்லாமல் என் மனைவி அலுமாரி மூலையில் கிடந்த பேப்பர் சுற்றைத் திறந்தாள். உருண்டையைக் கிண்ணத்துத் தண்ணீரில் பிசைந்தாள். ஏதோ ஒன்று 'டங்' என்று அடியில் விழுந்த சத்தம் எனக்கு விறாந்தையில் கேட்டது.

"இஞ்சாருங்கோ! உங்கடை விசேசப் புளிக்குக் கொட்டை ஈயத்திலையோ?"

போய்ப் பார்த்தேன். வலையின் அடிக்கயிற்றில் கட்டுகிற ஈயக்குண்டு. புதிதாக வார்த்தால் வழவழவென்றிருக்கும். இது கறையான் அரித்த பலகை போல மேலெல்லாம் குழிகுழியாக, வெள்ளை பூத்திருந்தது. புளியும் உப்பும் அதைத் தின்றிருந்தன. தின்ற ஈயம் எங்கே போயிருக்கும்? புளிக்குள். புளி கூழுக்குள். அந்த மெல்லிய இனிப்பு ஞாபகம் வந்தது. அஞ்சு நாள் போகாத வயிறு, சோர்ந்த மணிக்கட்டு, வெளிறிய முகம், தங்காத பிள்ளைகள் எல்லாம் படிவத்தில் இடமில்லாமல் வெளியே நின்றவை. ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தன. படிக்கிற காலத்தில் ஈயநஞ்சு என்ற பாடத்தில் இவை அத்தனையும் ஒரே பக்கத்தில் இருந்தன. அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்து சோதனையில் நல்ல புள்ளியும் வாங்கியவன் நான்.

அடுப்படியில் அப்படியே இருந்துவிட்டேன். மனைவி புளித்தண்ணீரைக் கொண்டுபோய் வெளியே ஊற்றினாள்.

அலோசியஸின் வீட்டில் ஈயக்குண்டைக் காட்டியதும் அவன் முகம் செத்துப்போயிற்று. "ஐயா, ஆருக்கும் சொன்னனீங்களோ?"

வயிற்று நோவை விட அவனுக்கு அந்தப் பயம்தான் பெரிது. கடையில் ஈயம் கிடைப்பதில்லை. பழைய வலைகளில் கழற்றிச் சேர்த்ததுதான் அவனுடைய முழுச் சொத்து. தேடுதலுக்கு வருபவர்கள் ஈயத்தைக் கண்டால் இது என்னத்துக்கு, துவக்கு ரவை வார்க்கவோ என்று கேள்வி தொடங்கிவிடும். எங்கே போய் முடியும் என்று தெரியாது என்பது அந்த வீட்டாருடைய பயம். வலை பொத்தும் நாளில் எடுப்பான், மிச்சத்தைத் திரும்ப ஒளித்துவைப்பான்.

"நான்தான் சொல்லிக் குடுத்தனான்," என்றார் திரேசம்மா. அந்தத் துக்கத்திலும் குரலில் ஒரு பெருமிதம். "வாறவன் அரிசிப்பானை பாப்பான், அலுமாரி பாப்பான், மெத்தையைக் குத்திப் பாப்பான். புளிமுட்டிக்குள்ளை ஆர் கை விடுவான்? வந்த நாளையிலையிருந்து வைச்சிருக்கிறம், ஒருத்தனாலும் பிடிக்க ஏலேல்லை."

முட்டியைக் கவிழ்த்தேன். முப்பதுக்குக் கிட்ட இருந்தன. புளியை ஆழக் கிடங்கு கிண்டித் தாட்டோம். முட்டியையும் உடைத்துப் போட்டோம். 'இவ்வளவு நல்ல புளி' என்று திரேசம்மா கிடங்கைப் பார்த்து நின்றார். இதுதான் வயிற்று நோவுக்கும் கை சோர்வதற்கும் காரணம் என்று விளக்கினேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

வைத்தியர் மூவரின் இரத்தத்தையும் எடுத்து அனுப்பினார். பதில் வந்தபோது ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. அவர் என்னை ஏசவில்லை. அவர் ஏசாதது அந்த ஒரு நாள்தான்.

"பிள்ளையள் தங்காததுக்கும் இதுதான் எண்டு நான் அடிச்சுச் சொல்ல ஏலாது," என்றார். "ஆனா இவ்வளவு ஈயம் உடம்பிலை கிடக்கேக்கை அவளின்ரை ராசியிலை பிழை பிடிக்கிறவன் விசரன். போய் அந்த வீட்டிலை சொல்லும். கிழவிக்கு முன்னாலை சொல்லும்."

"ஓம், சேர்."

போனேன். நோ குறைந்திருந்தது. திரேசம்மா எனக்குத் தேத்தண்ணி தந்து, "நீங்கள் நல்லாயிருப்பியள் தம்பி," என்றார். அந்தக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, 'உங்கள் கெட்டித்தனம்தான் பேரப்பிள்ளைகளைக் கொண்டுபோயிருக்கலாம்' என்று எப்படிச் சொல்வது? வயது போன மனிசி, இடிந்துபோவார் என்று நினைத்தேன். இரக்கம் என்று அதற்குப் பெயர் வைத்தேன். அந்த இரக்கத்தின் செலவை யார் தலையில் கட்டினேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு கெட்டித்தனம் செய்தேன். தேவாலய மண்டபத்தில் ஒரு சுகாதார வகுப்பு வைத்தேன். 'சில வீடுகளில்' என்று தொடங்கி, உலோகத்தை உணவோடு வைக்கக்கூடாது, புளியும் ஊறுகாயும் மோரும் அதைக் கரைக்கும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்று பொதுவாகப் பேசினேன். திரேசம்மா முதல் வரிசையில் இருந்து தலையாட்டினார். முடிந்ததும், "நல்லாப் பேசினீங்கள், எல்லாச் சனத்துக்கும் பிரயோசனம்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெசிந்தா வரவில்லை. தண்ணீருக்குப் போயிருந்தாள்.

ஆம், அப்போதும் கிணறு மூடித்தான் இருந்தது. தண்ணீர் நல்லது என்ற அறிக்கை அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பூசைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, நானே ஒரு உளியைக் கொண்டுபோய் அந்த அழகான எழுத்தைச் சுரண்டினேன். முழுதாகப் போகவில்லை.

இன்றைக்கு உங்களுக்குப் பரிசோதிக்க நிறைய இருக்கிறது. மிளகாய்த் தூளில் கலக்கும் நிறம், மலிவான சட்டியின் பூச்சு, எந்த மண்ணில் விளைந்ததென்று தெரியாத அரிசி, பெரிய மீனின் தசை. நாங்கள் மூக்காலும் கண்ணாலும் பரிசோதிக்கப் பழகியவர்கள். பழுதானது மணக்கும், புழுத்தது நெளியும். ஈயமும் பாதரசமும் கட்மியமும் மணக்காது, நெளியாது. சில வேளை கூழை இன்னும் ருசியாக்கும். அதனால் படிவத்தில் இடமில்லாததைத் தனியாக ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள். ஒரு வீட்டில் மட்டும் நோயென்றால் அந்த வீட்டில் மட்டும் இருப்பதைத் தேடுங்கள். சனம் எதை ஏன் ஒளிக்கிறது என்பதை, காட்டிக்கொடுக்க மாட்டீர்கள் என்று அவர்கள் நம்பும்படி கேளுங்கள். இவை எல்லாவற்றையும் நான் பின்னாளில் செய்தேன். கொஞ்சம் நல்ல பெயரும் எடுத்தேன்.

செய்யாதது ஒன்று இருக்கிறது. அடுத்த வருடம் ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது ஜெசிந்தா கிணற்றடியில் தனியாகத் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றாள். முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஓடியிருந்தது. கிணற்றுக் கட்டில் என் சிவப்புப் பெயின்றின் மிச்சம் தெரிந்தது. சைக்கிளை நிறுத்தினேன். ஒரு வருடமாகப் பாடமாக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். கிணற்றை மூடியது என் பிழை. வைத்தியர் சொன்ன உடனே வராதது அதைவிடப் பெரிய பிழை. பிள்ளைகள் தங்காததற்கும் அந்தப் புளிமுட்டி ஈயம்தான் காரணமாக இருக்க வேண்டும். "உம்மிலை ஒரு பிழையும் இல்லைத் தங்கச்சி. ஒரு நாளும் இருக்கேல்லை." சொல்லச் சொல்ல எனக்கே கண் கலங்கியது. பாரம் இறங்கியது போலவும் இருந்தது.

அவள் முழுவதையும் கேட்டாள். வாளியை மேலே இழுத்து, சிந்தாமல் குடத்தில் ஊற்றினாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்த பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"மாமிக்குச் சொன்னனீங்களோ?"